விசுவாசபுரம் முழங்காலில் நின்ற ஐந்து மாதம்

என் சித்தி வயலெட்டுக்கு எங்கள் சபை செய்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். விசுவாசபுரம் பெண்பிள்ளைகள் விடுதியில் இருபத்திரண்டு வருஷம் சமைத்துப்போட்டவள் அவள். ஜூன் மாதம் மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி நிற்காமல்போய், விசாரிக்க வந்த அதிகாரி அம்மாள் அடுக்களை வாசலில் நின்று காரணம் கேட்டபோது, சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அரிசியில் புழு இருந்தது என்று உள்ளதைச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக விடுதி மூடப்பட்டது, பிள்ளைகள் அவரவர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். சபைக் கமிட்டி கூடியது. புறத்தார் முன்னால் ஆண்டவருடைய நாமத்துக்கு இழுக்கு தேடிவிட்டாள் என்று சொல்லி அவளை வேலையை விட்டு நிறுத்தியது, திருவிருந்துக்கு வரக்கூடாது என்று விலக்கியது, அதுவும் போதாமல் ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் எல்லோர் முன்னாலும் முழங்கால் போட்டு, நான் சொன்னது பொய்ச்சாட்சி, மன்னியுங்கள் என்று கேட்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் உலை வைப்பதற்கு முன்னால், களைந்து போட எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போடுவார்கள். அது கர்த்தருடைய பிடி. எங்கள் வீட்டு டின் பழைய பிஸ்கட் டின், மேலே ஒரு வெள்ளைக்காரச் சிறுமி நாய்க்குட்டியோடு சிரிப்பாள், விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பிடியைப் போடுவது என் வேலை. சனிக்கிழமை தோறும் பெண்கள் சங்கத்தார் வீடு வீடாக வந்து வாங்கிக்கொண்டுபோய் விடுதிப் பீப்பாயில் கொட்டுவார்கள். நூற்றைம்பது வருஷமாக நடக்கிறது, வேறெந்த ஊரிலும் இத்தனை ஒழுங்காக நடப்பதில்லை என்று எங்களுக்கு ஒரு பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திருநெல்வேலியில் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். ஆனால் நடந்ததை ஊரே எனக்குச் சொல்லியிருக்கிறது, எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால் நம்புகிறேன். சித்தி முழங்கால் போடுவதைப் பார்க்கக் காய்ச்சல்காரர்கள்கூடப் போர்வையோடு கோயிலுக்கு வந்துவிட்டார்களாம், வீட்டில் தங்கினவர் ஒருவரும் இல்லை. சபைச் செயலர் எட்வின் தங்கையா, ஆறடி உயரம், வெள்ளை வேட்டி, எழுந்து தீர்மானத்தை வாசித்தார். கடைசி பெஞ்சில் இருந்த சித்தி எழுந்தாள். முன்னால் வருவாள் என்று எல்லோரும் வழிவிட்டுத் திரும்பிப் பார்க்க, அவள் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு கேட்டாள்:

“நான் முழங்கால் போடுதேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால சபை ஒண்ணே ஒண்ணு சொல்லட்டும். அரிசியில புழு இருந்துச்சா, இல்லியா?”

மின்விசிறிகள் சுற்றின. மேல்காற்று ஜன்னல் கதவை அடித்துச் சாத்தியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் நீண்டு கொண்டே போனபோது குருவானவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், பாவ அறிக்கை செய்வோம், எல்லாரும் முழங்காற்படியிடுங்கள் என்று அவசரமாகச் சொல்லிவிட்டார். சபை முழுவதும், விட்டால் போதுமென்று, ஒரே சத்தமாக முழங்காலிட்டது. நினைத்த பாவம், சொன்ன பாவம், செய்த பாவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக அறிக்கை செய்தது. சித்தி மட்டும் பதிலுக்காகக் காத்து நின்றுகொண்டே இருந்தாள்.

அறிக்கை முடிந்தால் குருவானவர் எழுந்து நின்று பாவமன்னிப்பைக் கூற வேண்டும். அவர் எழுந்திருக்கவில்லை. அங்கி காலில் மாட்டிக்கொண்டது என்று முதலில் நினைத்தாராம். கீபோர்டு வாசிக்கிறவர், ஐயா இன்றைக்கு உருக்கமாக ஜெபிக்கிறார் என்று எண்ணி மெதுவாக ஒரு ராகத்தை வாசிக்க, அது மூன்று தரம் சுற்றி வந்தது. பிறகுதான் ஒவ்வொருவராகத் தாங்களும் எழுந்திருக்க முயன்று பார்த்தார்கள். இடுப்புக்கு மேலே ஒரு குறையும் இல்லை, வலியும் இல்லை, மடிந்த முழங்கால் மட்டும் நிமிரவில்லை. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மத்தியானச் சமையலுக்கு நேரமாகிறது என்று பெண்கள் முழங்காலாலேயே நடந்து படியிறங்கினார்கள், வெள்ளைச் சேலைகளெல்லாம் தேரிச் செம்மண்ணில் சிவந்துபோயின. ஆண்கள் வழக்கம்போல வேப்பமரத்தடியில் கூடி, இன்றைக்கு ஆராதனை கொஞ்சம் நீளந்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் அடுத்த சனிக்கிழமை மினி பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஊர் அதற்குள் பழகிவிட்டிருந்தது. பக்கத்து ஊர் செருப்புத் தைக்கிறவர் லாரி டயரை வெட்டி முழங்காலுக்கு வாரோடு பட்டை செய்து கோயில் வாசலில் விரித்து விற்றார். பெரியவர்களுக்கு ஒரு அளவு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு அளவு. ஆசிரியர்கள் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுதினார்கள். ரேஷன் கடைக்காரர் தராசைத் தரைக்கு இறக்கினார், கண்டக்டர் படியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார். டீக்கடை பெஞ்சு மேசையானது. நாய்கள் முதல் இரண்டு நாள் மனிதர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக் கூச்சப்பட்டு ஒதுங்கின, பிறகு அவையும் பழகின. ஜெபத்தை வாசிக்கத் தெரியாத சின்னஞ்சிறுசுகள் மட்டும் எழுந்து ஓடின, ஆனால் அவர்கள் உயரமும் முழங்காலிட்ட அப்பாக்களின் உயரமும் ஒன்றாகவே இருந்ததால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பக்கத்து வீட்டு ரூபி மதினி, தன் பேரன் முதல் எட்டு எடுத்து வைத்தபோது, “ஏலே, பெரியவங்க முன்னால நிக்காதல, முட்டி போடு” என்று அதட்டியதை என் காதால் கேட்டேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இது என்ன, ஏன், என்று ஒரு மனுஷனாவது கேட்க வேண்டாமா? கேட்டார்கள். ஆனால் கேட்ட கேள்வி வேறு. குருவானவர் நின்றுகொண்டு சொல்ல வேண்டிய பாவமன்னிப்பை முழங்காலில் இருந்தபடி சொன்னால் செல்லுமா, செல்லாதா? இதற்காக இரண்டு கமிட்டிக் கூட்டம், மேலிடத்துக்கு மூன்று கடிதம். நாலாவது வாரம் பதில் வந்தது. முழங்காலில் இருந்து மன்னிப்புக் கூற முன்மாதிரி இல்லை, வெளியிலிருந்து வேறொரு குருவானவரை அனுப்பலாம், ஆனால் உள்ளே வருகிறவர் திரும்ப எழுந்திருப்பாரா என்பதை உறுதிசெய்துகொண்டு தெரிவிக்கவும். யார் உறுதி சொல்வது? அந்தக் கடிதம் கோப்பில் போனது.

அப்புறம் வேன்கள் வர ஆரம்பித்தன. முழங்கால் விட்டு எழும்பாத ஊர், இராப்பகல் ஜெபிக்கிற ஊர் என்று யாரோ வீடியோ போட்டுவிட, தூரத்து ஊர்க்காரர்கள் தம்பூரினோடு வந்து எங்கள் தெருவில் பாடினார்கள், எங்கள் மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார்கள். ஊர் முகப்பில், பக்தி பொங்கி எழுந்த ஊர் என்ற அர்த்தத்தில், எழுப்புதலின் ஊர் என்று வளைவு வைத்தார்கள். எட்வின் அண்ணாச்சி மைக்கைத் தாழ இறக்கிப் பிடித்துக்கொண்டு, “அவமானப்பட்ட நாமம் இன்னிக்கு மகிமைப்பட்டிருக்கு பாத்தியளா” என்றார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. வளைவில் சீரியல் விளக்கு கட்ட ஆள் இல்லாமல் சித்தியைக் கூப்பிட்டார்கள்.

ஆமாம், சித்தியைத்தான். ஊரில் நிமிர்ந்து நிற்கிற ஒரே பெரிய ஆள் அவள்தானே. பரணில் இருக்கிற பானை, கொடியில் காய்கிற துணி, முருங்கைக்காய், ஃபியூஸ் போன பல்பு, தண்ணீர்த் தொட்டித் திருகு, கோயில் மணிக்கயிறு, எல்லாவற்றுக்கும் “ஏ வயலெட்டு, ஒரு எட்டு வந்துட்டுப் போ.” விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் அவள் எட்டி எட்டி எடுத்துக் கொடுத்தாள். திருவிருந்துக்கு ஆகாதவள் திருவிருந்துக்கு மணியடித்தாள். அடித்துவிட்டு வெளியே வாதாமரத்தடியில் நின்றாள். உதவி வாங்கிக்கொண்ட அதே வாய்கள், அவள் தலை மறைந்ததும், “எல்லாருக்கும் மடங்கின கால் இவளுக்கு மட்டும் ஏன் மடங்கல? மேட்டிமை, வேற என்ன” என்றன. அவளுக்கு வணங்காக்கால் வயலெட்டு என்று பட்டப்பெயரும் வந்தது.

என் அம்மா ஒருத்திதான் அவளைக் கூப்பிடவே இல்லை. சித்திக்குக் கூடப்பிறந்த அக்கா, பெயர் எமிலி, இரண்டு தெரு தள்ளி வீடு. எங்கள் வீட்டில் பல்பு எரியாமல் கிடந்தது, துணி தரையில் பாயில் காய்ந்தது, பரணிலிருந்த கம்பளி பரணிலேயே இருந்தது. நான் வருகிற சனிக்கிழமைக்காக எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பாள். கமிட்டியோடு சேர்ந்துகொண்டு சொந்தத் தங்கச்சியை ஒதுக்குகிறாள் என்று நான் நினைத்தேன், அதை முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன்.

“எம்மா, ஊரே வெக்கமில்லாம கூப்பிடுது. உங்களுக்கு மட்டும் என்ன வீம்பு?”

“நீ படிச்சவ, உனக்கு எல்லாம் தெரியும்” என்றாள் அம்மா. டயர்ப்பட்டை தேய உள்ளே போய்விட்டாள்.

சித்தியிடமும் சண்டைதான். ஒரு நாள் அவள் ஐந்து வீட்டுத் துணியை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்து, வாசல்படியில் காலை நீட்டி, எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“சித்தி, ஒரு நாள், ஒரே ஒரு நாள், வரமாட்டேன்னு சொல்லுங்க. அந்த மணி அடிக்காம கிடக்கட்டும். அப்பந்தான் புத்தி வரும்.”

“மணி என்னட்டி செஞ்சுது பாவம்?”

“இப்படி இருக்கிறதுக்குப் பேரு தாழ்மை இல்ல சித்தி. அடிமைத்தனம். நீங்க நல்லவங்களா இருக்க இருக்க அவங்களுக்கு வசதி.”

“நான் நல்லவன்னு உனக்கு யாரு சொன்னா?” அவள் என்னைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். “இருவது வருசமா அந்த அரிசியைச் சுளகுல போட்டுப் புடைச்சேன். ஒவ்வொரு வருசமும் புழு கூடிக்கிட்டே வந்துச்சு. வெயில்ல காயப்போட்டு, வேப்பிலை போட்டு, ஏழு தண்ணி களைஞ்சு, ஒரு சொல்லு வெளிய விடாம பொங்கிப்போட்டேன். சபை பேரு கெட்டுரக்கூடாதுன்னுதான். இந்த வருசம் கை ஓஞ்சுபோச்சு, புடைக்க முடியல. அப்பந்தான் பிள்ளைகளுக்கு வயித்துல போச்சு. அப்ப, அந்த இருவது வருசம் நான் மறைச்சது?”

“அது வேற, இது வேற.”

“படுக்கப் போறப்ப தினமும் நானும் முழங்கால் போடத்தான் செய்யுதேன்ட்டி. நான் மறைச்சேன் ஆண்டவரேன்னு அதையே சொல்லுதேன். முடிச்சிட்டு எந்திக்கிறேன்.” பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டே, “எனக்கு அலுத்துப்போச்சு. ஜெயிக்கணும்னுல்லாம் இல்ல. கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வந்தா போதும், உக்காந்துருவேன்” என்றாள்.

அதற்குள் தெருமுனையிலிருந்து யாரோ கூப்பிட, எழுந்து போனாள்.

வேன்கள் ஐப்பசி மழையோடு நின்றுபோயின. வளைவு காற்றில் சாய்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. டயருக்குள் தண்ணீர் புகுந்து முழங்கால்களில் புண் வைத்தது, ஊர் முழுவதும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் மணத்தது. யாரும் இப்போது எழுப்புதலைப் பற்றிப் பேசவில்லை, வாரத்துக்கு ஒரு தரம் கோயிலுக்குப் போய் ஏற்கெனவே முழங்காலில் இருந்தவர்கள் முழங்காலிலேயே இருந்து, மன்னிப்பு இல்லாத அறிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, இறங்கி வந்தார்கள்.

நவம்பர் கடைசியில், சபையில் மூத்தவரான மாசிலாமணித் தாத்தா இறந்துபோனார். கடைசி மூச்சு போனதும் அவருடைய இரண்டு கால்களும், யாரும் தொடாமலேயே, மெதுவாக நீண்டு நேராயின. கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்றவர்கள் அழுவதை நிறுத்திவிட்டு அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பொறாமையாக இருந்தது என்று ரூபி மதினி பிறகு ஒளிக்காமல் சொன்னாள். பெட்டியைத் தூக்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மண்ணைத் தள்ளச் சித்தி ஒரு மண்வெட்டியோடு நின்றாள்.

அடக்கம் முடிந்த அன்றே கமிட்டி கூடியது. குருவானவர்தான் யோசனை சொன்னார், ஐந்து மாதத்தில் அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. “மன்னிப்பை நின்னுக்கிட்டுத்தான் வாசிக்கணும். நம்ம சபையில நிக்கிற அங்கத்தினர் ஒருத்தங்கதான் இருக்காங்க. அவங்க வாசிக்கட்டும். இதுக்கு என்ன விளக்கம் கேட்டாலும் நான் எழுதிக்கிடுதேன்.” விலக்கி வைக்கப்பட்டவளா, குருப்பட்டமில்லாத ஒரு பொம்பளையா என்று இரண்டு பேர் இழுத்தார்கள். ஆனால் அவர்கள் முழங்காலும் புண்ணாகத்தான் இருந்தது. சித்தி மேல் போட்ட நடவடிக்கையை ரத்து செய்து, விசேஷ சூழ்நிலையை முன்னிட்டு என்று தொடங்கி, ஒரு தீர்மானம் எழுதினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம். நான் ஊரில் இருந்தேன், சித்தி வீட்டில். தெரு முழுவதும் டயர் மண்ணில் இழுபடுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் சபை மொத்தமும் வந்துகொண்டிருந்தது, குருவானவர் முன்னால், நெஞ்சோடு அணைத்த ஜெபப் புத்தகம், அவருக்குப் பக்கத்தில் எட்வின் அண்ணாச்சி, பின்னால் ஆண்கள், பெண்கள், கடைசியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, என் அம்மா. சித்தி இட்லி மாவு கரைத்த கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

குருவானவர் விஷயத்தைச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினார். “அம்மா, நீங்கதான் வாசிக்கணும்.”

உள்ளுக்குள் நான் துள்ளிக் குதித்தேன். ஐந்து மாதம் நான் சொன்ன வாதமெல்லாம் இப்போது மண்டியிட்டு வந்திருக்கிறது அல்லவா. சித்தி புத்தகத்தை வாங்கினாள், கண்ணாடியைப் போட்டாள், பக்கத்தைத் தேடி எடுத்தாள், ஒரு வரியை உதட்டுக்குள் வாசித்துப் பார்த்தாள். பிறகு விரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டாள்.

“வாசிக்கேன் ஐயா. மன்னிக்கப்போறது எதைன்னு தெரிஞ்சிக்கிட்டு வாசிக்கேன். அரிசியில புழு இருந்துச்சா, இல்லியா?”

“வயலெட்டு” என்றார் எட்வின் அண்ணாச்சி, “உம்மேல உள்ளதை எல்லாம் சபை ரத்து பண்ணியாச்சு. விடுதி திறந்ததும் உனக்குத்தான் அடுக்களை. பழசை எதுக்குக் கிளறுத?”

“நான் அடுக்களையைக் கேக்கல அண்ணாச்சி.”

“நாங்க எல்லாருமே பாவிகதாம்மா. அதைத்தான வாரா வாரம் சொல்லுதோம்” என்றார் அண்ணாச்சி.

“அது பொதுவாச் சொல்லுதிய.”

என்னால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. படியிறங்கி எட்வின் அண்ணாச்சி முன்னால் போய்க் கையை நீட்டினேன். “அதிகாரி வந்தப்ப அரிசி நல்ல அரிசின்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான? வாயைத் திறந்து சொல்லுங்க. அந்தப் புழுத்த அரிசி யார் வீட்டு அரிசி? யாரு போட்டா?”

“ஏட்டி” என்றாள் சித்தி பின்னாலிருந்து. கோபமாக அல்ல, களைத்துப்போய். “யாரு போட்டான்னு உனக்குத் தெரியாதா?”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மே மாத விடுமுறை. எங்கள் அடுக்களையில் இரண்டு மூட்டை, ஒன்று சாப்பாட்டுக்கு வாங்கின பொன்னி, இன்னொன்று மூலையில், போன வருஷத்து ரேஷன் அரிசி, கைவிட்டால் வெதுவெதுப்பாக, என்னவோ நெளிகிற மாதிரி. கர்த்தருடைய பிடிக்காக நான் பொன்னியில் கைவைக்கப்போனேன். அடுப்பிலிருந்து திரும்பாமலேயே அம்மா சொன்னாள், அது கோயிலுக்குத்தானட்டி, மூலையில உள்ளதை எடு. நான் எடுத்தேன். டின்னில் போட்டு மூடினேன். வெள்ளைக்காரச் சிறுமி நாய்க்குட்டியோடு சிரித்தாள். கையை உதறிக் கழுவினேன், அதுவும் ஞாபகம் வந்தது. எல்லா வீட்டிலும் அந்த மூலை இருந்திருக்கிறது, அதனால்தான் அன்றைக்குக் கோயிலில் ஒரு வாயும் திறக்கவில்லை. நீட்டிக்கொண்டிருந்த என் கை தானாக இறங்கியது. நின்றுகொண்டிருப்பதே கூச்சமாக இருந்தது.

குருவானவர் தரையைப் பார்த்தார். ஜூலை மாதத்து மௌனமேதான், நடுவில் ஐந்து மாதம் போகாதது போல. சித்தி காத்து நின்றாள். இந்தத் தரமும் பதில் வராது, இவள் கேட்டுக்கொண்டே நின்று கிழவியாகப்போகிறாள் என்று நான் நினைத்த நேரத்தில், பின்னாலிருந்து கூட்டம் விலகியது. அம்மா வந்தாள். சுவர் இல்லாத இடத்தில் பிடிக்க ஒன்றுமில்லாமல், இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி ஊன்றி, ஆண்களையும் எட்வின் அண்ணாச்சியையும் குருவானவரையும் தாண்டி, தங்கச்சியின் படிக்கு அருகில் வந்து நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஐந்து மாதத்தில் அவள் சித்தியின் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இருந்துச்சு, வயலெட்டு” என்றாள் அம்மா. “நல்லதை நாங்க தின்னுட்டு, புழுத்ததைத்தான் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்.”